குணங்குடி மஸ்தான் சாகிபு: ஏக்கத்தை ஒளிக்காமல் வாழ்ந்தவர்

குணங்குடி மஸ்தான் சாகிபு (ரஹ்) அவர்களின் பெயரை நம்மில் பலரும் கேள்விப்பட்டிருப்போம். கல்லூரியில் பகுதி ஒன்று தமிழ் படித்தவர்கள் அவர்களின் நாலைந்து கண்ணிகளை மனப்பாடம் செய்து, தேர்வில் எழுதி, பிறகு மறந்திருப்போம். மதரஸாவில் ஓதியவர்களுக்கு அவர்கள் பெரும்பாலும் ஒரு தர்காவின் பெயர், அல்லது ஒரு விவாதத்தின் பெயர். இரண்டு இடங்களிலும் உட்கார்ந்து படித்த நமக்கு, அவர்களைப் பற்றி இரண்டு இடங்களிலும் அழுத்திச் சொல்லப்படாத ஒன்று உண்டு என்று தோன்றுகிறது. அந்த மனிதர் விவரம் தெரிந்த நாள் முதல் அழுதுகொண்டே இருந்தார்கள். அந்த அழுகையை நோயாகவோ ஈமானின் குறையாகவோ கருதி மறைக்கவும் இல்லை. அதைப் பாட்டாகப் பாடி வைத்துவிட்டுப் போனார்கள்.

இயற்பெயர் சுல்தான் அப்துல் காதிர். 1792ஆம் ஆண்டில், இராமநாதபுரம் சீமையில் தொண்டிக்குப் பக்கத்தில் இருக்கும் குணங்குடி என்ற சிற்றூரில் பிறந்தார்கள். தந்தை நயினார் முகம்மது, தாயார் பாத்திமா. மார்க்கக் கல்விக்கும் சாப்பாட்டுக்கும் குறைவில்லாத குடும்பம். கீழக்கரைக்கு ஓத அனுப்பினார்கள். தைக்கா சாகிபு என்று மக்கள் அழைத்த ஷெய்கு அப்துல் காதிர் ஆலிம் அவர்கள் அங்கே பாடம் நடத்திய காலம் அது. அரபும் மார்க்கச் சட்டமும் அங்கே கற்றார்கள். தமிழையும் ஆழமாகவே கற்றிருக்க வேண்டும். அவர்களின் செய்யுளில் யாப்பு எங்கும் நொண்டவில்லை.

ஓதி முடித்த பிள்ளைக்கு வீட்டில் என்ன செய்வார்கள்? கல்யாணப் பேச்சை எடுத்தார்கள். தாய்மாமன் மகள் மைமூன் என்ற பெண்ணைப் பேசியதாக அவர்களின் வரலாறு சொல்கிறது. பிள்ளை மறுத்துவிட்டு, இளம் வயதிலேயே வீட்டைவிட்டுப் புறப்பட்டுப் போனார்கள்.

இந்த இடத்தைப் புகழ்ந்து எழுதுவோர் உண்டு. நாம் அப்படி எழுதப் போவதில்லை. நிகாஹ் நபி (ஸல்) அவர்களின் சுன்னத்து. பெற்றோரின் மனதை உடைத்துவிட்டுக் காட்டுக்குப் போவதைப் பிள்ளைகளுக்கு முன்மாதிரியாக எந்த ஆலிமும் சொல்ல முடியாது. கூப்பிடக் கூப்பிடத் திரும்பாமல் போன பிள்ளையை நினைத்து அந்தத் தாயாரும், பேசி முடித்த பேச்சு முறிந்துபோன அந்தப் பெண்ணும் எத்தனை நாள் அழுதார்கள் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. ஒலிமார்களின் வரலாறு படிக்கும்போது அவர்களுக்குப் பின்னால் நின்று அழுதவர்களையும் கொஞ்சம் நினைத்துக்கொள்வது நல்லது.

திருச்சிராப்பள்ளியில் ஷாம் சாகிபு என்ற மௌலவியிடம் பைஅத்துச் செய்ததாகவும், மதுரைக்குப் பக்கத்தில் திருப்பரங்குன்றத்து சிக்கந்தர் மலையில் நாற்பது நாள் கல்வத்து இருந்ததாகவும் வரலாறு எழுதியவர்கள் சொல்கிறார்கள். பிறகு காடு, மலை, ஊர் ஊராகச் சுற்றல். கடைசியில் சென்னைக்கு வடக்கே, கடலை ஒட்டிய இராயபுரத்தில், முள்ளும் புதரும் மண்டிக் கிடந்த ஓரிடத்தில் தங்கினார்கள். குப்பை மேட்டில் கிடப்பார்கள், தன்னை மறந்து பாடுவார்கள், அழுவார்கள். பார்த்தவர்களில் சிலர் பைத்தியம் என்றார்கள். வேறு சிலர் மஸ்தான் என்றார்கள். மஸ்த் என்ற பாரசீகச் சொல்லுக்குப் போதை, மயக்கம் என்று பொருள். இறைக்காதலில் மதிமயங்கியவர் என்ற அந்தப் பட்டமே பெயராக நிலைத்துவிட்டது.

எதற்காக அந்த அழுகை? சோறில்லை என்றா, சொந்தம் விட்டுப்போயிற்று என்றா? பாடல்களைப் படித்தால் விடை கிடைக்கிறது. இரண்டு காரணங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒன்று, ரப்பு இன்னும் தூரமாகவே இருக்கிறான் என்ற ஏக்கம். மற்றது, போன நாட்களை வீணாக்கிவிட்டேனே என்ற கைசேதம்.

ஏக்கத்தை முதலில் பார்ப்போம். எக்காலக் கண்ணி என்று ஒரு பாடல் தொகுதி. கண்ணி என்றால் இரண்டடிச் செய்யுள். அந்தக் காலம் எப்போது வரும், அந்த நாள் எப்போது வாய்க்கும் என்று ஒவ்வொரு கண்ணியும் கேட்கிறது. கேட்டுக்கொண்டே போகிறதே தவிர, இதோ வந்துவிட்டது என்று எங்கும் முடிவதில்லை. தமிழில் இது புதிய வடிவமும் அல்ல. பத்திரகிரியார் புலம்பலும் தாயுமானவரின் எந்நாட் கண்ணியும் இதே வழியில் முன்பே நடந்தவை. மஸ்தான் சாகிபு அந்தப் பழகிய தமிழ்ப் பாதையிலேயே போய், அல்லாஹ்வின் வாசலில் நின்று தட்டினார்கள். ரகுமான் கண்ணியில் அவனுடைய திருநாமத்தையே ஒவ்வொரு கண்ணியிலும் கூப்பிட்டு முறையிடுகிறார்கள். முகியித்தீன் சதகத்தில், பகுதாதில் அடங்கியிருக்கும் அப்துல் காதிர் ஜீலானி (ரஹ்) அவர்களை நினைத்து உருகுகிறார்கள். தம் சொந்தப் பெயரே அந்தப் பெரியாரின் பெயர் என்பதையும் சேர்த்து நினைத்தால், அந்த உருக்கம் இன்னும் கொஞ்சம் புரிகிறது.

ஏக்கம் என்பது பிரிவில் பிறக்கிறது. நம் பக்கத்து மக்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. ஒரு தலைமுறைக்கு முன்பும் அதற்கு முன்பும் புதுச்சேரி, காரைக்கால் முஸ்லிம்கள் கப்பலேறி சைகோன் போனார்கள். இன்று வில்லியனூர் சுல்தான்பேட்டையிலும் பாகூர்ப் பக்கத்துக் கிராமங்களிலும் வளைகுடாவில் ஆள் இல்லாத தெருவைப் பார்ப்பது அரிது. வீடியோவில் அத்தாவைப் பார்த்துப் பழகிய குழந்தை, அவர் நேரில் வந்து தூக்கினால் அழுகிறது. ஏர்போர்ட்டுக்குப் போகும் காரில் ஏறும்வரை சிரித்துக்கொண்டே இருந்த மனிதர், கார் தெருமுனை திரும்பியதும் முகத்தை மூடிக்கொள்கிறார். இந்தப் பிரிவுத் துயரத்தை வெட்கப்படும் விஷயமாக நாம் ஆக்கி வைத்திருக்கிறோம். ஆம்பிளை அழலாமா என்கிறோம். மார்க்கம் தெரிந்த வீட்டில் இப்படி ஏங்கலாமா என்கிறோம்.

நபி (ஸல்) அவர்கள் ஏங்கியிருக்கிறார்கள். கதீஜா (ரழி) அவர்களும் அபூதாலிபும் மறைந்த ஆண்டைத் துக்க ஆண்டு என்றே வரலாறு குறிக்கிறது. மதீனா வந்து, பல ஆண்டுகள் கழிந்து, வீடு நிறைந்து இருந்த காலத்திலும், ஆடு அறுத்தால் அதில் கதீஜாவின் தோழிகளுக்கென்று பங்கு எடுத்து அனுப்பிவைத்தார்கள். ஆயிஷா (ரழி) அவர்களுக்கே அது ரோஷத்தை உண்டாக்கியது என்று ஹதீஸ் சொல்கிறது. மறைந்தவரின் நினைவை அவர்கள் மறக்க முயலவில்லை. அந்த நினைவுக்கு ஒரு வேலை கொடுத்தார்கள். பாகூரில் மனைவியை இழந்த ஒரு பெரியவர் அவளுடைய பழைய தோழியின் வீட்டுக்குப் பெருநாள் அன்று பிரியாணி அனுப்பினால், ஊர் என்ன பேசும் என்று நமக்குத் தெரியும். ஆனால் அதற்கு சுன்னத்தில் ஆதாரம் இருக்கிறது.

மய்யித்து வீட்டில் நடப்பதையும் சொல்ல வேண்டும். அழுகிற தாயைச் சுற்றி நின்றுகொண்டு, சபூர் செய், அழாதே, அழுதால் மய்யித்துக்கு வேதனை என்று ஆளாளுக்கு அதட்டுகிறோம். மார்க்கம் தடுத்தது நியாஹாவை. கன்னத்தில் அறைந்துகொள்வது, சட்டையைக் கிழிப்பது, ஒப்பாரி வைத்து விதியைப் பழிப்பது ஆகியவை கூடாது. கண்ணீர் அதில் சேராது. மகன் இப்ராஹீம் உயிர் பிரியும் நேரத்தில் நபி (ஸல்) அவர்களின் கண்கள் கலங்கின. நீங்களுமா என்று வியந்து கேட்ட அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரழி) அவர்களுக்கு, இது ரஹ்மத்து என்று விளக்கினார்கள். யஃகூப் (அலை) அவர்கள் யூசுஃபை நினைத்து அழுது பார்வையையே இழந்தார்கள். அழகிய பொறுமைக்கு உதாரணமாக குர்ஆன் காட்டுவதும் அந்த நபியையே. தம் துயரத்தை அவர்கள் அல்லாஹ்விடம் முறையிட்டார்கள். அந்த முறையீடு அவர்களின் பொறுமையைக் கெடுக்கவில்லை. மஸ்தான் சாகிபின் புலம்பலுக்கு வேர் எங்கே என்று கேட்டால், நாம் சூரா யூசுஃபைத்தான் காட்டுவோம்.

இங்கே ஒரு கேள்வி எழும். கவலையிலிருந்தும் துக்கத்திலிருந்தும் பாதுகாவல் தேடும் துஆவை நம் பிள்ளைகள் மக்தபிலேயே மனப்பாடம் செய்கிறார்கள். அப்படியிருக்க, துக்கத்தை வரவேற்பது எப்படிச் சரியாகும்? அந்த துஆவில் துக்கத்தோடு சேர்த்து எவை எண்ணப்படுகின்றன என்று பாருங்கள். இயலாமை, சோம்பல், கோழைத்தனம், கஞ்சத்தனம், கடன் சுமை, மனிதர்களின் ஆதிக்கம். ஆக, ஒருவனைக் கட்டிப்போட்டு முடக்கும் துக்கத்திலிருந்துதான் அங்கே பாதுகாவல் கேட்கிறோம். தொழுகையின் பக்கம் இழுத்துக்கொண்டு போகிற துக்கம் வேறு, படுக்கையில் இருந்து எழவிடாத துக்கம் வேறு. இரண்டாவது வகையில் ஒருவர் வாரக்கணக்கில் சாப்பிடாமல், தூங்காமல், வாழ்க்கையே வேண்டாம் என்று பேசிக்கொண்டிருந்தால், தண்ணீர் ஓதிக் கொடுத்ததோடு நிறுத்திவிடாமல் ஜிப்மருக்கோ அரசு மருத்துவமனைக்கோ அழைத்துப் போங்கள். மனநல மருத்துவரிடம் போவது தவக்குலுக்கு எதிரானதல்ல. இதை மிம்பரில் சொல்வதற்கே சிலர் தயங்குகிறார்கள் என்பதால் இங்கே எழுதுகிறோம்.

அடுத்தது கைசேதம். பராபரக் கண்ணியைப் படித்தால், தம் மனதை நிறுத்திவைத்துக் கேள்வி கேட்கும் ஒரு மனிதரின் குரல் கேட்கிறது. அலைந்தாயே, ஆசைப்பட்டாயே, நாளைக் கொன்றாயே என்ற தொனி. காட்டில் கிடந்து இராப்பகலாக திக்ரு செய்தவருக்கு வீணாக்கிய நாள் எங்கே இருந்தது என்று நமக்கு வியப்பாக இருக்கலாம். பெரியவர்களின் கணக்கே வேறு.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) இஹ்யாவில் தவ்பாவைப் பற்றிப் பேசும்போது அதை மூன்று பகுதியாகப் பிரிக்கிறார்கள். பாவம் என்னைக் கெடுக்கிறது என்ற அறிவு முதலில். அந்த அறிவால் உள்ளத்தில் எழும் எரிச்சலும் வேதனையும் அடுத்து. விட்டுவிடுவது, ஈடுசெய்வது என்ற செயல் கடைசியில். இதில் நடுவில் இருப்பதுதான் கைசேதம். அதையே தவ்பா என்று நபி (ஸல்) அவர்கள் குறிப்பிட்டார்கள். நம் வழக்கத்தில் முதலாவதும் மூன்றாவதும் எப்படியோ கொஞ்சம் இருக்கின்றன, நடுவில் இருப்பது காணாமல் போய்விட்டது. தஸ்பீஹை உருட்டி நூறு தடவை அஸ்தஃக்ஃபிருல்லாஹ் சொல்லி முடிக்கிறோம், உள்ளே ஒன்றும் சுடுவதில்லை. மஸ்தான் சாகிபின் கண்ணிகளில் அந்தச் சூடு இருக்கிறது. தவ்பாவைப் பற்றிப் பத்து பயான் கேட்டவர்கூட அந்தக் கண்ணிகளில் ஒரு பத்தை நிதானமாகப் படித்துப் பார்க்கலாம்.

ஆனால் அழுதால் மட்டும் தீராத கைசேதமும் இருக்கிறது. பாகூர் நம் புதுச்சேரியின் நெல் விளையும் பூமி. நிலம் இருக்கும் இடத்தில் பாகப் பிரிவினைத் தகராறும் இருக்கும். சகோதரிக்கு குர்ஆன் வகுத்த பங்கைக் கொடுக்காமல், கல்யாணத்துக்குச் சீர் செய்தோமே, அதுவே பங்கு என்று சொல்லி நிலத்தை அனுபவித்துவிட்டு, அவள் மய்யித்தானதும் கப்ருக்குப் பக்கத்தில் நின்று குலுங்கிக் குலுங்கி அழும் அண்ணன்மார்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அந்த அழுகை பொய் என்று நாம் சொல்லமாட்டோம், அது உண்மையான அழுகைதான். ஆனால் கஸ்ஸாலி இமாமின் மூன்றாவது பகுதி அங்கே இன்னும் பாக்கி. அடியார்களின் ஹக்கு, உரியவரிடம் சேரும்வரை தீராது. பங்குக்குரியவள் இல்லையென்றால் அவளுடைய பிள்ளைகள் இருக்கிறார்கள், பத்திர அலுவலகமும் இருக்கிறது. கப்ருஸ்தானில் வந்த கண்ணீர் அந்த அலுவலகம் வரை ஒருவரை நடத்திக்கொண்டு போனால், அது அல்லாஹ் கொடுத்த பெரிய நிஃமத்து.

மஸ்தான் சாகிபைப் பற்றிய விவாதத்தையும் தொடாமல் போக முடியாது. அகத்தீசர் சதகம், நந்தீசர் சதகம் என்று தலைப்பு வைத்ததும், சித்தர் மரபுச் சொற்களைத் தாராளமாகக் கையாண்டதும் சில ஆலிம்களுக்குப் பிடிக்கவில்லை. மனோன்மணிக் கண்ணியில் இறைவனைப் பெண்ணாக அழைத்து, தம்மைக் காதலனாக வைத்துப் பாடியிருப்பதும் அப்படியே. நம் கருத்து இது: அகீதாவை அகீதா நூலில் படியுங்கள், கவிஞரின் பாட்டில் தேடாதீர்கள். தன்னிலை மறந்தவரின் சொல்லை வைத்துச் சட்டம் எடுப்பதும் தவறு, அதை வைத்து அவர்மீது தீர்ப்பு எழுதுவதும் தவறு. காதலியாக வைத்துப் பாடுவது பாரசீகக் கவிதையில் பழைய வழக்கம். நம் புதுச்சேரியில் இருந்த காலத்தில் பாரதியார் கண்ணனைக் கண்ணம்மாவாக்கிப் பாடியதும் அதே மாதிரியான ஒரு திருப்பம்தான். கண்ணன் பாட்டு 1917இல் அச்சேறியது. மஸ்தான் சாகிபு அதற்கு ஏறக்குறைய எண்பது ஆண்டுகளுக்கு முன்பே மறைந்துவிட்டார்கள். தமிழ் இலக்கியம் படிக்கும் நம் பிள்ளைகள் இந்த வரிசையைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

இராயபுரத்து முட்காட்டில் கிடந்த அந்த ஃபக்கீரைத் தேடி வந்தவர்கள் யார் யார் என்று பார்த்தால் நமக்கே வியப்பாக இருக்கிறது. முஸ்லிம்கள் வந்தது இருக்கட்டும். தமிழில் பெரும் புலவராக மதிக்கப்பட்ட திருத்தணிகை சரவணப்பெருமாளையர் அவர்கள்மீது நான்மணிமாலை பாடினார். அய்யாசாமி முதலியார் சீடராகவே இருந்து பதிற்றுப்பத்தந்தாதி பாடினார். மார்க்கம் வேறு, குலம் வேறு, பழக்கவழக்கம் வேறு. விவாதம் செய்து வென்று அவர்களை யாரும் அழைத்து வரவில்லை. ஏங்கி அழுகிற ஒரு மனிதரின் பக்கத்தில் போய் உட்காரப் பலருக்கும் மனம் வந்தது. இன்று அக்கம்பக்கத்தாரோடு எப்படிப் பேசுவது என்று கூட்டம் போட்டு யோசிக்கும் நாம், இதையும் கொஞ்சம் யோசிக்கலாம்.

தொண்டியிலிருந்து வந்தவர் என்பதால் சென்னை மக்கள் அவர்களைத் தொண்டியார் என்றார்கள். தண்டையார்பேட்டை என்று இப்போது வழங்கும் ஊர்ப்பெயர் அதிலிருந்து வந்தது என்பது அந்த வட்டாரத்தில் இன்றும் சொல்லப்படும் செய்தி. 1838இல், ஐம்பது வயதைத் தொடும் முன்பே, மறைந்தார்கள். தங்கியிருந்த இராயபுரத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார்கள். ஜியாரத்துக்கு இப்போதும் மக்கள் போகிறார்கள்.

பாடல்களைப் படிக்க விரும்பும் குடும்பத்தார் சதகங்களில் தொடங்க வேண்டாம். அவற்றின் சித்தர் மொழி முதலில் குழப்பிவிடும். பராபரக் கண்ணியையும் ரகுமான் கண்ணியையும் முதலில் எடுங்கள். இஷாவுக்குப் பிறகு, செல்போனைத் தள்ளி வைத்துவிட்டு, வீட்டில் ஒருவர் சத்தமாக வாசிக்க மற்றவர்கள் கேட்கலாம். ஒரு நாளைக்கு ஐந்து கண்ணி போதும். கேட்டுக்கொண்டிருக்கும் அம்மாவின் கண் கலங்கினால், ஏன் என்று கேட்காமல் அடுத்த கண்ணியை வாசியுங்கள்.